உள் பை

மாமாவின் நெஞ்சிலிருந்து அந்தச் சத்தம் முதல்முறை வந்தபோது நான் ஃப்ரிட்ஜைத்தான் திட்டினேன். காலை நேரம், அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது, என் கணவர் குளியலறையில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தார். கூடத்துப் பக்கமிருந்து மெல்லிய கூவல் ஒன்று விட்டு விட்டு வராமல் ஒரே இழுப்பாக வந்தது. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து அடித்துச் சாத்தினேன், நின்றுவிட்டது. அதனால் மறுநாளும் ஃப்ரிட்ஜுக்கே அடி விழுந்தது. அதற்கடுத்த நாள் அடித்தும் நிற்காமல் போகவே, ஈரக் கையோடு சத்தத்தைத் தேடிக்கொண்டு போனேன். மாமா தன் அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். சத்தம் அவருக்குள்ளிருந்து வந்தது. அவருக்கு அது கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும், "காபி ஆச்சாம்மா?" என்று சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் நெஞ்சு கூவிக்கொண்டிருந்தது.

உள்ளே மெஷின் இருப்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தபோது மாமா ஒருநாள் வாசலில் செருப்பை மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். இதயம் சில நேரம் தறிகெட்டு ஓடுகிறது, அந்த ஓட்டத்தில் ரத்தத்தைத் தள்ளுகிற வேலையை விட்டுவிடுகிறது என்றார்கள். இடது காரை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் தட்டையாக ஒரு மெஷினை வைத்துத் தைத்தார்கள். அதிலிருந்து ஒரு ஒயர் இதயத்துக்குள் போகிறது. இதயம் தறிகெட்டால் மெஷின் உள்ளேயிருந்தே ஒரு ஷாக் கொடுத்து வழிக்குக் கொண்டுவரும். தையல் சுமார்தான். தையல்காரி கண்ணுக்கு முதலில் அதுதான் படும், என்ன செய்வது. நானாக இருந்தால் இன்னும் நெருக்கிப் போட்டிருப்பேன்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றிக் கீழே இறக்குவது தன் பொறுப்பு என்று நினைப்பவர். மெஷினைப் பற்றி டாக்டர் சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். "லிஃப்ட்ல கயிறே அறுந்தாலும் பெட்டியைக் கவ்விப் பிடிக்க ஒரு பூட்டு இருக்கும்ல, அதுதான் இது. இனிமே அப்பா விழ மாட்டாரு" என்று வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். அத்தை போனபோது இவர் ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருந்தார், போன் எடுக்கவில்லை. அதிலிருந்து அவருக்கு எதுவும் பிடி இல்லாமல் இருக்கக் கூடாது.

மாமா பேருந்து ஓட்டியவர். எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வாழ்நாளைக் கழித்ததில் காது போய்விட்டது. காதுக்கு வைக்கும் கருவி வாங்கிக் கொடுத்தோம். அது விசில் அடிக்கிறது, விசில் அடித்தால் வண்டியை எடுக்கச் சொல்வதுபோல் இருக்கிறது என்று கழற்றிப் போட்டார். நெஞ்சில் இருந்த மெஷினுக்கு அவர் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். "எந்த ஸ்டாப்ல ஏறுவான்னு தெரியாது. ஏறினா சும்மா இறங்க மாட்டான்" என்பார்.

மெஷினோடு கூடவே சில கட்டுப்பாடுகளும் வந்தன. அதில் தலையாயது காந்தம். என் கணவர் அப்பாவின் காதருகே குனிந்து, தெருவே கேட்கும்படி விளக்கினார். "காந்தம் கிட்ட வந்தா அது வேலை செய்யாதுப்பா. காந்தம் மேல இருக்கற வரைக்கும் ஷாக் அடிக்காது. எடுத்தாத்தான் மறுபடி முழிச்சுக்கும். புரியுதா?" மாமா தலையாட்டினார். அன்றைக்கே வீட்டில் ஒரு சோதனை நடந்தது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த பொம்மைகள் போயின, கூடத்து ஸ்பீக்கர் பெட்டி போனது, என் கைப்பையின் காந்தப் பட்டன்கூடப் பிய்த்தெடுக்கப்பட்டது. எஞ்சியது தையல் மெஷினுக்கு அடியில் சிந்தும் குண்டூசிகளைப் பொறுக்க நான் வைத்திருந்த காந்தம். பழைய ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து எடுத்த கறுப்பு வளையம். அது இல்லாமல் வேலை ஓடாது, வாடிக்கையாளர் பாதத்தில் ஊசி குத்தினால் யார் பதில் சொல்வது. தூக்கிப் போட்டுவிட்டேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டு மெஷின் இழுப்பறையின் அடியில் நூல்கண்டுகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

இன்ஸ்பெக்டர் நீண்ட காலம் ஏறாமலே இருந்தார். பிறகு ஒரு மத்தியானம் ஏறினார். கூடத்தில் என் மெஷினுக்கு எதிரே உள்ள நாற்காலியில் மாமா உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்க ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். திடீரென்று மாமாவின் உடம்பு நாற்காலியிலிருந்து எகிறி விழுந்தது, ஆரஞ்சு சுவரில் போய் மோதியது. அவர் மயங்கவில்லை, அதுதான் கொடுமை. கண் திறந்திருந்தது, எல்லாம் தெரிந்தது. அன்று விடுப்பில் இருந்த என் கணவர் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார், மறுபடி அடித்தது. "நிறுத்துடா, நிறுத்துடா" என்று மாமா கத்தினார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. மறுபடி அடித்தது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அவர் முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன்னால் எந்த மனித முகத்திலும் பார்த்ததில்லை. உடுத்தியிருந்த வேட்டி நனைந்து சிறுநீர் தரையில் ஓடியது. அந்தத் தாய் மகளின் கண்ணைக் கையால் மூடினாள். மெஷின் ஓய்ந்தபோது மாமா உயிரோடு இருந்தார்.

"பிழைச்சுக்கிட்டாரு பார்த்தியா" என்றார் என் கணவர். அப்பாவின் கையைப் பிடித்திருந்தபோது தன் உள்ளங்கையிலும் ஏதோ சுரீரென்று பாய்ந்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னார். ஆனாலும் அவருக்கு அது வெற்றிதான். கயிறு அறுந்தது, பூட்டுப் பிடித்தது.

அதற்குப் பிறகு மாமா வேறு ஆளாகிவிட்டார். அந்த நாற்காலியில் உட்காரவில்லை. ஆரஞ்சைத் தொடவில்லை. டிவியில் நகைச்சுவை வந்தால் சிரிப்பு வரும்போதே வாயைப் பொத்திக்கொண்டார், சிரித்தால் இதயம் ஓடத் தொடங்கிவிடுமோ என்று. மாடிப்படி வேண்டாம், தெரு முனை வேண்டாம், யாரும் பக்கத்தில் வர வேண்டாம். சுவரோரமாக நின்று நெஞ்சில் கை வைத்தபடி எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு ஆள் தன் உடம்புக்குள் இருக்கும் ஒன்றுக்கு இப்படிப் பயந்து ஒடுங்குவதைத் தினமும் பார்ப்பது லேசான காரியமில்லை. பழைய ஸ்டாப்புகளின் பெயரை வரிசையாகச் சொல்லி என்னைச் சிரிக்கவைப்பவர், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்கூடத் திடுக்கிட்டார்.

ஒருநாள் சட்டைகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்பக்கம் ஒரு பை வைக்க வேண்டும் என்றார்.

"என்னத்துக்கு மாமா?" என்று சாக்பீஸை எடுத்துத் துணியில் எழுதிக் காட்டினேன். எங்களுக்குள் பேச்சு அப்படித்தான். கத்தினால் தெரு முழுக்கக் கேட்கும், அதனால் கருநீலச் சீருடைத் துணியில் சாக்பீஸால் எழுதுவேன், அவர் வாயால் பதில் சொல்வார், பிறகு தட்டிவிட்டால் எல்லாம் போய்விடும்.

"கண்ணாடி தொடைக்கிற துணி வச்சுக்கத்தான்."

"அதுக்கு இருக்கற பை போதாதா?"

"டிரைவருக்கு உள்பை இல்லாம சட்டை போட்ட மாதிரியே இருக்காதும்மா. இங்க வை." காரை எலும்புக்குச் சற்றுக் கீழே விரல் வைத்துக் காட்டினார். "துணி கனமா இருக்கட்டும். அசையக் கூடாது."

இவ்வளவு மேலே யாராவது பை வைப்பார்களா, கை விட்டால் கழுத்தில் அல்லவா இடிக்கும் என்று கேலி செய்தேன். ஆனாலும் ஆசைப்பட்டுக் கேட்கிறாரே என்று இரட்டைத் துணி கொடுத்து, வாயில் ஒரு மடிப்பும் வைத்து, எல்லாச் சட்டைக்கும் தைத்துக் கொடுத்தேன். நல்ல வேலைப்பாடு. வெளியே தையலே தெரியாது.

அந்த வாரத்திலேயே அவர் மாறினார். காலையில் சட்டை போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார், அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தெரு முனை வரை நடந்தார். எதிர்வீட்டுக்காரரோடு அரசியல் பேசி, தனக்குக் காது கேட்காத வசதியில் எப்போதும்போல் ஜெயித்தார். டிவி முன்னால் வாய்விட்டுச் சிரித்தார். உள்பை ஒரு மனிதனுக்கு இவ்வளவு தெம்பு தருமா என்று எனக்கே பெருமையாக இருந்தது. அதே நாட்களில்தான் இழுப்பறையில் காந்தத்தைக் காணவில்லை. நூல்கண்டையெல்லாம் கொட்டித் தேடினேன். யாரைக் கேட்பது? தூக்கிப் போட்டதாகச் சொன்ன பொருள் தொலைந்துபோனது என்று புருஷனிடம் போய் அழ முடியாது. அவர்தான் கண்டுபிடித்துச் சத்தமில்லாமல் எறிந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு, குனிந்து குனிந்து கையாலேயே ஊசி பொறுக்கினேன். ஒருநாள் மாமாவின் சட்டையில், நெஞ்சுக்கு மேலே, ஒரு குண்டூசி ஒட்டிக்கொண்டிருந்தது. தைத்தபோது விட்டுப்போன ஊசி என்று நினைத்து, கிழவரைக் குத்தியிருக்குமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு எடுத்துப் போட்டேன். அதை எடுக்கும்போது லேசாக இழுக்க வேண்டியிருந்தது.

அந்த நாட்களில்தான் கூவலும் தொடங்கியது. மெஷின் கூவினால் பேட்டரி தீரப்போகிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் குளியலறைக் கதவைத் தட்டி, துண்டோடு ஓடிவந்த என் கணவரை மாமாவின் அறை வாசலில் நிறுத்தினேன். காதில் சோப்பு நுரையோடு அவர் கேட்டது கடைசி இழுப்பை மட்டும்தான். அவர் முகம் வெளிறியது. உள்ளே மாமா காலரைச் சரிசெய்துகொண்டு, "என்னடா, ஈரத்தோட நிக்கற?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா" என்று இவர் கத்தினார். என் பக்கம் திரும்பி, "அவருக்குத் தெரிய வேண்டாம். பேட்டரி போகுதுன்னு தெரிஞ்சா பயந்தே போயிடுவாரு" என்றார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும் ஒரு சத்தம், அது யாருடைய நெஞ்சோ அவருக்கு மட்டும் கேட்காது.

வழக்கமான சோதனை என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கிளம்பும் முன்பு மாமா சட்டை மாட்டினார். அன்று கூவல் வரவில்லை. "பாரு, ஒருநாள் கத்துது, ஒருநாள் கத்தல. உசிரு போகப்போற பேட்டரி அப்படித்தான்" என்றார் என் கணவர். வண்டியில் மாமா கதவோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார், நெஞ்சில் கை. பழைய பயம் அவர் முகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டதைப் பார்த்தேன். சோதனைக்குத்தானே போகிறோம், இவருக்கு என்ன வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

மெஷின் பார்க்கிற பெண் சின்ன வயதுக்காரி, நல்ல சுறுசுறுப்பு. மாமாவைப் படுக்கவைத்துச் சட்டையைத் திறந்தாள். உள்பை அவள் கண்ணில் பட்டது. விரலால் அதைத் தடவிப் பார்த்தாள், காலிப் பை.

"இங்க எதுக்கு பை?"

"கண்ணாடி தொடைக்கிற துணிக்கு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள், அந்தத் துணியை மாமா அங்கிருந்து எடுத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லையே என்று தோன்றியது.

அவள் ஒரு கருவியை அவர் நெஞ்சின் மேல் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். பேட்டரிக்கு ஒன்றும் கேடில்லை, இன்னும் வருஷக்கணக்கில் வரும் என்றாள். என் கணவர் நம்பவில்லை. அவள் பொறுமையாக, "ரெண்டு விதமா சத்தம் வரும் சார். எதுன்னு சொல்லுங்க" என்று ஒன்றைத் தட்டினாள். மாமாவின் நெஞ்சு ஏறி இறங்கி, மாறி மாறிக் கூவியது. "இதுதான், இதேதான்" என்றார் இவர். "இது பேட்டரி தீர்ந்தா, இல்ல கோளாறு இருந்தா வர்றது. ஆனா கோளாறு எதுவும் பதிவாகல. இன்னொண்ணு கேளுங்க." இப்போது ஒரே இழுப்பாக வந்தது. என் அடுப்படிக் காலைகளின் சத்தம்.

"இது எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"இதுவா? காந்தம் பக்கத்துல வந்தா வரும். வீட்டுல காந்தம் ஏதாவது இருக்கா?"

"சத்தியமா இல்லம்மா" என்றார் என் கணவர். "ஃப்ரிட்ஜ் பொம்மையைக்கூட விட்டு வைக்கல. இவ ஊசிக் காந்தத்தைக்கூட அப்பவே தூக்கிப் போட்டாச்சு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பையைப் பார்த்தாள். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவள் சட்டையை மூடிப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார், மாமா பக்கத்து நாற்காலியில் இருந்தார். இதயம் சமீபத்தில் சில இரவுகளில் தறிகெட்டு ஓடியிருக்கிறது, மெஷின் அடிப்பதற்குள் அந்த ஓட்டம் தானாக அடங்கியிருக்கிறது என்றார். இனி அடிக்கடி வரும். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த வயசுல சில குடும்பங்கள்ல ஷாக்கை மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லுவாங்க. ஆபரேஷன் எதுவும் கிடையாது, வலி கிடையாது. இங்கிருந்தே செஞ்சிடலாம். முடிவு நேரம் வந்தா அமைதியா போகும். அவரு என்ன நினைக்கறாருன்னு கேட்டுப் பாருங்க."

"எங்கப்பாவை நான் கொல்லணும்னு சொல்றீங்களா?" என்றார் என் கணவர்.

"அப்படி இல்ல சார். அவரையே கேக்கலாம்னுதான் சொல்றேன்."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு இதுல."

மாமா எங்கள் உதடுகளை மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்றாரு?" என்று என்னைக் கேட்டார். அந்த அறையில் கத்த முடியாது, எழுதிக் காட்ட ஏதாவது கிடைக்குமா என்று மேசையைப் பார்த்தேன். "எல்லாம் நல்லா இருக்காம்பா" என்று அதற்குள் இவர் கத்திவிட்டார். அந்த ஆளின் நெஞ்சு, அந்த ஆளின் சாவு, இரண்டையும் அவர் தலைக்கு மேலேயே பேசி முடித்துவிட்டு எழுந்து வந்தோம். எனக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமா நேராகத் தன் அறைக்குப் போனார். நான் கூடத்தில் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த ஒரே இழுப்புக் கூவல் வந்து ஓய்ந்தது. என் கணவர் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. கதவு திறந்தது. மாமா நிமிர்ந்து நடந்து வந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, டிவியைப் போடச் சொன்னார்.

சாயங்காலம் இவர் முன்னறையில் ஃபேனைக் கழற்றி வைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது நான் சீருடைத் துணியை மாமாவின் முன்னால் விரித்தேன். சாக்பீஸால் "காந்தம்?" என்று எழுதினேன்.

அவர் அதைப் படித்தார். பிறகு தன் உள்ளங்கையாலேயே எழுத்தைத் துடைத்தார். "உன் ஊசியெல்லாம் கையால பொறுக்கற. பாவமாத்தான் இருக்கு" என்றார். தன் குரலின் அளவு அவருக்குத் தெரியாது. நான் பயந்து முன்னறைப் பக்கம் பார்த்தேன். அவர் புரிந்துகொண்டு குரலைக் குறைத்தார்.

"அன்னைக்கு அடிச்சுது பாரு. முதல் அடி கூடப் பரவாயில்லம்மா. அடுத்தது எப்பன்னு உக்காந்திருக்கறதுதான்... டெப்போவுக்குள்ள வந்து நின்ன வண்டியை எவனாவது பின்னால இருந்து தள்ளித் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவானா? இது மேல இருந்தா அவன் ஏற மாட்டான். அவ்வளவுதான். எனக்கு நிம்மதியா இருக்கு."

"ஏறலைன்னா போயிடுவீங்க" என்று எழுதினேன். எழுதும்போது சாக்பீஸ் ஒடிந்தது.

"தெரியும்." என்னவோ கடைக்குப் போவதற்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

"சொல்லாம இருப்பேனா? எத்தனையோ தடவை சொல்லிட்டேன். எனக்குத்தான் காது கேக்காதுன்னு நினைச்சிட்டிருக்கீங்க." சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. என் மேசையில் தன் கைகளை வைத்துக்கொண்டு, கேட்கக் கூச்சப்படுகிறவராக, "ராத்திரிதான் கஷ்டமா இருக்கும்மா" என்றார். "பனியன்ல பை இல்ல. படுத்தா அவன் முழிச்சுக்கறான். உள்ள ஒரு ஓட்டம் ஓடுது, இப்ப அடிக்கும் இப்ப அடிக்கும்னு விடியற வரைக்கும் கெடக்கறேன். பனியனுக்கும் ஒண்ணு வச்சுக் குடு."

துணியைச் சுருட்டினேன்.

அன்று சாப்பாட்டுக்கு முன்னால் என் கணவரிடம் பேசினேன். நேராகச் சொல்ல வாய் வரவில்லை. அப்பாவையே ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே, எழுதிக் காட்டினால் புரியும், நானே எழுதுகிறேன் என்றேன். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னன்னு எழுதுவ? உசிரு வேணுமா வேண்டாமான்னா? எழுதுவியா நீ?"

"அவருக்கு வலிக்குதுங்க."

"வலிச்சாலும் இருக்காரு இல்ல. அம்மா மாதிரி... நான் பக்கத்துல இல்லாதப்ப..." கண் கலங்கியிருந்தது. "அந்த மெஷின் இருக்கறதாலதான் நான் காலைல வேலைக்குப் போறேன். இல்லைன்னா என்னால இந்த வாசலைத் தாண்ட முடியாது. புரியுதா உனக்கு?"

புரிந்தது. இருவரையும் புரிந்ததுதான் என் தொல்லை. அந்தக் காந்தத்தைப் பற்றி அப்போது சொல்லியிருந்தால் அவர் உள்ளே போய் அதைப் பிடுங்கியிருப்பார், பையைக் கிழித்திருப்பார், மாமா மறுபடி சுவரோரம் போயிருப்பார். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். நான் எழுந்து தட்டுகளை எடுத்து வைத்தேன்.

மறுநாள் இவர் வேலைக்குப் போன பிறகு மாமாவின் பனியன்களை மேசைமேல் எடுத்தேன். பனியன் துணி இழுபடும், கனத்தைத் தாங்காது. அதனால் அடியில் ஒரு பட்டைத் துணி கொடுக்க வேண்டும். வேலையைப் பற்றி மட்டும் யோசித்தேன். மாமா எதிரே நாற்காலியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு, சுளையிலிருந்து நாரைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் வைத்தார். ஒரு சுளையை எனக்கு நீட்டினார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு பெடலை மிதித்தேன். தையல் ஒரு இடத்தில் கோணியது. அதைப் பிரித்து மறுபடி போட்டேன். முடித்துக் கொடுத்தபோது அவர் பனியனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் காலைகள் மாறிவிட்டன. இரவு டிவி ஓடும்போதே காந்தம் பனியனுக்குப் போய்விடும், அந்தச் சத்தத்தில் கூவல் கேட்காது, விடியும் வரை அது அங்கேயே இருக்கும். விழித்தெழுந்ததும் மாமா அதை எடுத்துச் சட்டையின் உள்பைக்கு மாற்றுவார். மாற்றும்போது மெஷின் ஒரே இழுப்பாகக் கூவும். முன்பு அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு உயிர் போகும். இப்போது அது கேட்கும் வரை எனக்கு உயிர் இல்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, கரண்டியைக்கூட ஓசைப்படாமல் வைத்து, காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். கூவல் வந்ததும்தான் காபியைக் கலப்பேன். குளித்துவிட்டு வரும் இவர், "இன்னைக்குச் சத்தம் வந்துதா?" என்று கேட்பார். "இல்லையே" என்பேன். அவருக்கு நிம்மதி. மாமா நன்றாகத் தூங்குகிறார், முகத்தில் கொஞ்சம் தெளிவுகூட வந்துவிட்டது என்று தன் தங்கையிடம் போனில் சொன்னார். ஆஸ்பத்திரிக்காரர்கள் எதையோ சரிசெய்துவிட்டார்கள் என்று அவர் எண்ணம்.

இன்று காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. இவர் குளிக்கவில்லை, கூடத்தில் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். பால் பொங்கியதும் அடுப்பை அணைத்தேன். தண்ணீர் விழும் ஓசை இல்லாததால் வீடு முழுக்கத் துல்லியமாகக் கேட்டது, சீப்பு முடியில் இழுபடுவதுகூட. கொஞ்ச நேரம் கடந்தது. மாமா எழுந்திருக்கும் நேரம் வந்தது, போனது. சில நாள் தூக்கம் நீளும், நேற்று வெகுநேரம் டிவி பார்த்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று காபியைக் கலந்து எடுத்துக்கொண்டு அவர் அறை வாசலுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. கதவைத் தட்டிப் பயனில்லை, அவருக்குக் கேட்காது.

என் கணவர் சீப்பை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். தலையைச் சாய்த்து, கதவின் பக்கம் காது கொடுத்துக் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தியா, சத்தமே இல்ல" என்றார். "நானே என் காதால கேக்கறேன். மெஷின் நல்லாத்தான் இருக்கு."

என் கையில் காபியின் மேல் ஆடை படரத் தொடங்கியிருந்தது. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன்.